கழுதைக்குப் போட்ட வேலி

ஆகஸ்ட் 2, செவ்வாய்

இன்றும் அடங்கவில்லை. பதினைந்து நாளாக ஒரே கச்சான் காற்று. சோற்றில் மணல், முக்காட்டில் மணல், பல்லுக்குள் மணல். கருவாடு மட்டும் நன்றாகக் காய்கிறது.

காலையில் மாதர் சங்கக் கட்டடத்தில் பயிற்சி. புத்தளத்தில் இருந்து ஒரு மிஸ் வந்தார். தலைமைத்துவம் பற்றியாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே என்ன வேலை? போனதற்குக் காரணம்:

– சங்கத் தலைவி என் மகள் ஜெஸீமா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு போகாமல் இருக்க முடியாது.
– பகல் கோழிச் சோற்றுப் பார்சல்.
– செய்னம்புவும் வருவாள். அவள் வாய் திறக்கிற இடத்தில் நான் இல்லாமல் இருந்ததில்லை.

மிஸ் பெரிய தாளைச் சுவரில் ஒட்டி மூன்று பெட்டி கீறினார். தலைவர்கள் மூன்று வகை.

1. தானே முடிவெடுத்துக் கட்டளை போடுபவர்.
2. எல்லாரையும் கேட்டு முடிவெடுப்பவர்.
3. எதிலும் தலையிடாமல் ஆட்களின் போக்கில் விடுபவர்.

எது நல்லது என்று கேட்டார். "ரெண்டாவது" என்று எல்லாரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. ரஹ்மத்து எழும்பினாள். எங்கள் முன்வீட்டுக்காரி. வாய்க்கு மூடி இல்லாதவள்.

"மிஸ், எங்கட வூட்டுக்காரர் மூணாவது வகை. சோறு பிந்தினா மட்டும் மொதலாவது."

மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

ஜெ. இரண்டாவது வகை. (பெயரை முழுக்க எழுத விரல் நோகிறது. இனி ஜெ.) மிஸ் அவளைத்தான் உதாரணம் காட்டினார். கூட்டம் வைப்பாள், கை உயர்த்தச் சொல்வாள், எண்ணுவாள், பைலில் போடுவாள். வீட்டில் சோற்றுக்கு என்ன ஆணம் ஆக்குவது என்பதற்கும் கை உயர்த்தச் சொல்வாள்.

செய்னம்பு முதலாவது வகை. இது மிஸ் சொன்னதல்ல, நான் சொல்வது. ஆதாரம் உண்டு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டுப் போகச் சொல்லி இயக்கக்காரர் விரட்டியபோது, கரையில் யார் எந்தத் தோணியில் ஏறுவது என்று பிரித்தவள் அவள். ஆம்பிளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவளை யாரும் தெரிவு செய்யவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். என் தையல் மெஷினைத் தோணியில் இருந்து தூக்கி மணலில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கிழவனை ஏற்றினாள். கிழவன் இங்கே கற்பிட்டிக்கு வந்து மூன்று மாதத்தில் மௌத். மெஷின் வந்திருந்தால் இன்றைக்கும் ஓடும். என் வாப்பா வாங்கித் தந்த மெஷின்.

இருபத்தாறு வருடம். அவளோடு நேரே கதைப்பதில்லை. சபையில் மட்டும், தேவைக்கு.

என் ஞாபகத்துக்குக் கொப்பி தேவையில்லை. "நான் அப்பிடிச் சொல்லவேயில்ல" என்று யாராவது சொன்னால் தேதி சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பார்சலில் கோழி ஒரு துண்டு. கழுத்து.

ஆகஸ்ட் 4, வியாழன்

ஜெ.யின் சின்னவளுக்கு இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பாதியைத் துப்பிவிட்டாள்.

சுபஹ் தொழுகைக்குப் பிறகு கிணற்றுக்குப் போனோம், நான், ரஹ்மத்து, இன்னும் நாலைந்து பேர். குடியிருப்பை ஒட்டிய ஹாஜியாரின் தென்னந்தோட்டத்தில் நாலு பேர் கட்டை நாட்டக் குழி தோண்டுகிறார்கள். சுருள் சுருளாக முட்கம்பி இறக்கிக் கிடக்கிறது. வேலிக்கு அளந்து கயிறு பிடித்திருந்த இடத்தைப் பார்த்தேன். கிணறு உள்ளே. நாங்கள் வெளியே.

அந்தக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். எங்கள் குடியிருப்புக் குழாய்க்கிணறு உப்பு. தேத்தண்ணிக்குப் பால் ஊற்றினால் திரைந்து போகும். வெங்காயத் தோட்டத்து உரப் பசளையும் அதில் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கிளினிக் மிஸ் சொல்லி இருக்கிறார். தண்ணீர் பவுசர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. நாங்கள் தோணியால் இறங்கிய கிழமையே பெரிய ஹாஜியார், இப்போது இருப்பவரின் வாப்பா, நடந்து வந்து சொன்னார்: "தண்ணிக்கு ஒருத்தரும் யோசிக்க வேணாம். அள்ளுங்க." அவ்வளவுதான். தாள் இல்லை, கையெழுத்து இல்லை. அவர் மௌத்தாகி ஒன்பது வருடம். மகனும் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் முட்கம்பி. அதைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு, விரட்டுகிறார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பு வராது. குடத்தை வைத்துவிட்டு நின்றோம். தோண்டியவர்கள் மாதம்பைப் பக்கத்துச் சிங்கள ஆட்கள். ரஹ்மத்துக்கு நல்ல சிங்களம். அவளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று வரும்போது கேட்டேன்.

"கேட்டு, ஓம் எண்டு சொல்லிட்டா?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "பட்டத்துல தொங்கிப் பறக்கிற வெள்ளைக்காரனுகளுக்கு வூடு கட்டப் போறாராம். அவனுகள் உப்புத் தண்ணில பறந்துட்டு வந்து நல்ல தண்ணில குளிப்பானுகள். நாங்க உப்பைக் குடிச்சிட்டு வேர்க்கிறது."

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்களாம்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சங்கக் கூட்டம். முப்பத்தைந்து பேர். பயிற்சிக்கு வராதவர்களும் வந்தார்கள்.

ஜெ. விஷயத்தைச் சொன்னாள். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போடுவோம், இருபத்தாறு வருடமாக நாங்கள் பாவிக்கும் கிணறு, அதைப் பொதுக் கிணறு என்று அறிவிக்க வேண்டும், வேலியை நிறுத்த வேண்டும் என்று. பெண்கள் கைதட்டினார்கள்.

செய்னம்பு மூலைக் கதிரையில் இருந்து கதைத்தாள்.

"கடிதம் பொறகும் எழுதலாம் புள்ள. வேலி என்னத்துக்கு எண்டு ஆள்ட வாசல்ல போய் ஒருக்காக் கேளுங்கோ. கேட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?"

சிலர் தலையாட்டினார்கள். ஜெ. பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது எழும்பினேன்.

"கேக்கிறதப் பத்தி நீ கதைக்காத செய்னம்பு. தோணியடியில யார்ட்டக் கேட்டு என்ட மெஷின இறக்கின?"

சிரிப்பு. பிள்ளைகள் எல்லாம் கேட்டு வளர்ந்த கதைதானே. ரஹ்மத்து முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தாள். செய்னம்பு வாயை மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் வாயடைத்துப் போய் இருந்ததை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. இரண்டு பிளேன்டீ குடித்தேன்.

கை: கடிதத்துக்கு 31. வேண்டாம் 4.

ஜெ. அங்கேயே எழுதினாள். இரண்டு பக்கம். வயதில் மூத்தவர் முதலில் என்று என்னிடம் பேனையைத் தந்தாள். என் கையெழுத்து நன்றாக விழுந்தது. முப்பத்தொரு பேரும் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 8, திங்கள்

ஜெ. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். முத்திரை குத்திய பிரதி ஒன்று கையில். பைலில் போட்டாள்.

மாம்புரியில் இருந்து மரக்கறிக்காரன். கத்தரிக்காய் புழு. திருப்பிக் கொடுத்தேன்.

சாளை கொஞ்சம் காயப்போட்டேன். காகம்.

மருமகன் கொழும்பில் இருந்து போன் கோல் எடுத்தார். "உங்கட மகள் பெரிய ஆளாயிட்டா மாமி" என்றார். ஓம், யாருடைய மகள் என்றேன்.

ஆகஸ்ட் 10, புதன்

கிணறு பூட்டு.

வேலி நேற்றே முடிந்துவிட்டது. எங்கள் பக்கமாக ஒரு சின்னக் கேட். புதுப் பச்சைப் பெயின்ட், இன்னும் மணக்கிறது. அதில் பூட்டு. நாங்கள் குடத்தோடு நின்றோம். தோட்டத்துக் காவல்காரர் வந்தார், வயதான மனிசன், எங்களைப் பார்க்காமல் தென்னையைப் பார்த்துக் கதைத்தார்.

"கழுதை பூந்து தென்னங்கண்டெல்லாம் கடிக்குது. அதுக்குத்தான் வேலி. இந்தக் கேட் உங்களுக்கு எண்டு செஞ்சது. குடத்தோட ஆள் போறதுக்கு எவ்வளவு அகலம் வேணும் எண்டு ஹாஜியார் என்ட பொஞ்சாதியக் குடத்தோட நிக்க வெச்சுத்தான் அளந்தார்."

"பொறகு ஏன் பூட்டு?" என்றாள் ரஹ்மத்து.

"நேத்து அசர் தொழுகையோட கிராம சேவகர் வந்தார், ஜீ.எஸ். ஐயா. உங்கட கடிதத்த வாசிச்சுக் காட்டினார். ஹாஜியார் கேட்டுட்டுப் பூட்டச் சொன்னார்."

கழுதை. கற்பிட்டியில் யாரைக் கேட்டாலும் கழுதைத் தொல்லை பற்றிச் சொல்வார்கள். எங்கள் வாசலில் தினமும் இரண்டு படுத்திருக்கும். முட்கம்பியைக் கண்டதும் எங்கள் ஒருத்திக்கும் கழுதை ஞாபகம் வரவில்லை.

வெறுங்குடத்தோடு திரும்பினோம்.

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் கடிதத்தில் கெட்டிக்காரர். அகதி அட்டைக்குக் கடிதம். கூப்பனுக்குக் கடிதம். வாக்காளர் இடாப்புக்கு, வீட்டுக்கு, கக்கூசுக்கு. எழுதாமல் இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அதற்கும் எழுதிவிட்டோம்.

ஆகஸ்ட் 11, வியாழன்

பவுசர் வரவில்லை. குழாய்க்கிணற்று உப்பில் சோறு. சின்னவள் சாப்பிடவில்லை. இருமலும் கூடிவிட்டது.

காலை வாசலில் ஆட்கள். பத்துப் பன்னிரண்டு பேர். ரஹ்மத்து ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலைவி! இந்தாங்க, உங்கட ரெண்டாவது வகைத் தேத்தண்ணி. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

ஜெ. வாங்கினாள். எல்லார் முன்னாலும் முழுக்கக் குடித்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். ரஹ்மத்து அதை வாங்கிக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள்.

மற்றவர்கள் விடவில்லை. "நாங்களா எழுதச் சொன்ன?" "எங்களுக்கென்ன தெரியும், படிச்ச ஆள் நீங்கதானே." கைதட்டியவர்கள். நான் ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினேன், நீ வலது கை உயர்த்தினாய், நீ பிள்ளையின் கையையும் சேர்த்து உயர்த்தினாய் என்று. எனக்கு எல்லாம் ஞாபகம்.

"உம்மா, உள்ளுக்குப் போங்கோ," என்றாள் ஜெ. என்னிடம்தான் கோபப்பட்டாள். அவர்களிடம் அல்ல.

அசருக்குப் பிறகு செய்னம்பு வந்தாள். எங்கள் வாசல்படி ஏறியது முதல் தடவை. நான் குசினிக்குப் போய்விட்டேன். தேங்காய் துருவினேன். துருவலை நிறுத்தினால்தான் கேட்கும், அதனால் அடிக்கடி நிறுத்தினேன்.

"நாளைக்கு ஹாஜியார்ட்ட எத்தின பேர் போறீங்க?" செய்னம்பு.

"ஒரு பதினைஞ்சு பேர் எண்டு நினைச்சன் மாமி."

"பதினைஞ்சு பேர் போனா அது சண்டை. ரெண்டு பேர் போ. பைல் கொண்டு போகாத. நாளைக்கு வெள்ளி, ஆளுக்குப் பள்ளிவாசல் அலுவல் இரிக்கும். சனிக்கிழமை காலையில போ."

"நீங்களும் வாங்கோ மாமி."

"நான் வரமாட்டன்."

"ஏன்?"

"நான் வந்து நிண்டா, நான் சொன்னதுதான் சரி எண்டு காட்ட வந்த மாதிரி இரிக்கும். அவருக்கு அப்பிடித்தான் தெரியும். உனக்கும் அப்பிடித்தான் தெரியும். நீ உம்மாவக் கூட்டிட்டுப் போ. மொத கையெழுத்து அவடதானே."

தேங்காயோடு விரலையும் துருவிவிட்டேன்.

போகும்போது குசினிப் பக்கம் பார்த்து "போறன்" என்றாள். யாருக்குச் சொன்னாளோ.

ஆகஸ்ட் 13, சனி

காலை ஒன்பது மணிக்கு ஹாஜியார் வீடு. ஜெ. கறுப்பு அபாயா, கையில் ஒன்றும் இல்லை. நான் நல்ல சேலை.

அவர் முன் விறாந்தைக் கதிரையில். இருங்கள் என்றார். அவரின் மனிசி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நல்ல தண்ணீர். இரண்டு மிடறில் முடித்துவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது.

"வாப்பா குடுத்த தண்ணி," என்றார் ஹாஜியார். "நான் ஒரு நாளாச்சும் வேணாம் எண்டு சொன்னனா?"

"இல்ல ஹாஜியார்," ஜெ.

"எனக்கிட்ட வந்து கேக்க வாய் வரல்ல. அரசாங்கக் கந்தோருக்கு எழுதக் கை வந்திரிக்கி. ஜீ.எஸ். என்ட வாசல்ல நிண்டு, 'பொதுக் கிணறு எண்டு அறிவிக்கட்டாம்' எண்டு வாசிக்கிறார். வேலையாட்களெல்லாம் பாத்துட்டு நிக்கிறாங்க. நான் என்னமோ களவெடுத்த மாதிரி."

ஜெ. தலை குனியவில்லை.

"பிழை என்னோடது ஹாஜியார். நான்தான் எழுதின. வேலி என்னத்துக்கு எண்டு உங்கள்ட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கணும். கேக்கல்ல."

அவர் என்னைப் பார்த்தார். "ராத்தா, நீங்க வாப்பாவ அறிஞ்ச ஆள். நீங்களுமா மொத கையெழுத்து?"

எனக்கு வாய் வந்துவிட்டது. முப்பத்தொரு பேர் என்று சொல்லப் போனேன். ஜெ. என் காலை மிதித்தாள்.

"உம்மா நான் சொல்லித்தான் வெச்சா. அவவுக்குத் தெரியாது."

பச்சைப் பொய். அவள் சொல்வதற்கு எத்தனை இருந்தது. கூட்டம் போட்டோம் என்று சொல்லலாம். கை எண்ணினோம் என்று சொல்லலாம். செய்னம்பு மாமி கேட்கச் சொன்னா, என்ட உம்மா எழும்பி மெஷின் கதை சொல்லிக் கெடுத்தா என்று சொல்லலாம். அது உண்மை. ஒன்றையும் சொல்லவில்லை.

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. கடிதத்த வாபஸ் வாங்குங்க. இப்ப சரி எண்டு சொல்லுங்க, இப்பவே ஆள அனுப்பித் திறக்கிறன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் எழும்பிவிட்டேன்.

"இப்ப சொல்லேலா ஹாஜியார்," என்றாள் என் மகள். "முப்பத்தொரு பேர் கை வெச்ச கடிதம். நாளைக்கு அவங்களக் கேட்டுப்போட்டு வந்து சொல்றன்."

"இன்னும் கூட்டமா!"

திரைக்குப் பின்னால் அவரின் மனிசி சிரித்த சத்தம். ஹாஜியார் சிரிக்கவில்லை.

வழி நெடுக ஏசினேன். திறக்கிறேன் என்று சொன்ன வாயை மூடிவிட்டு வருகிறாயே, சின்னவள் உப்பைக் குடித்துவிட்டுக் கிடக்கிறாள், உனக்கு மூளை இருக்கிறதா என்று. பள்ளிச் சந்திவரை கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு நின்றாள்.

"உம்மா, பிழைய நான் தனிய எடுக்கலாம். முடிவ எடுக்கேலா. இண்டைக்கு நான் ஓம் எண்டு சொன்னா, நாளைக்கு இதே ஆக்கள் எங்களக் கேக்காம வித்துட்டாள் எண்டு சொல்லுவாங்க. பொறகு நான் எதச் சொன்னாலும் ஒருத்தரும் வரமாட்டாங்க."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் அவள் சொன்னதை இங்கே எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. கூட்டம் காலையிலேயே. எல்லாரும் வந்தார்கள். உதடு வெடித்த முகங்கள்.

ஜெ. முதலில் எழும்பி, பிழை என்னுடையது என்றாள். அங்கே சொன்னதையே இங்கேயும் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நான் ஒத்துப் பார்த்தேன்.

கடிதத்தை எடுப்போமா என்று கேட்டாள். "எடுப்பம், எடுப்பம்" என்று சத்தம். ரஹ்மத்து எழும்பினாள். இன்று பகிடி இல்லை.

"எடுத்தா எங்களுக்கு என்ன பிடி இரிக்கி? இவர் நல்ல மனிசன், ஓம். நாளைக்கு இவர்ட மகன் தோட்டத்த வித்துட்டா? வாங்கினவன் கேட்டை இழுத்துப் பூட்டிட்டா? நாங்க இன்னொருக்கா யார்ட வாசல்ல போய் நிக்கிற?"

எல்லார் தலையும் செய்னம்பு இருந்த மூலைக்குத் திரும்பியது. நானும் பார்த்தேன். இப்போது சொல்வாள், "நான் அப்பவே சொன்னன் கேட்டீங்களா" என்று. சொன்னால் என்ன பதில் கொடுப்பது என்று தயாராக இருந்தேன்.

"ரஹ்மத்து கேக்கிறது சரியான கேள்வி," என்றாள் செய்னம்பு. "கம்பியக் கண்டவுடன எனக்கும்தான் ஈரக்குலை நடுங்கினது. எனக்கும் கழுதை நினைவு வரல்ல." பிறகு கையை ஜெ. பக்கம் நீட்டினாள். "தலைவி அங்க இரிக்கிறா. என்ட முகத்த என்னத்துக்குப் பாக்கிறீங்க? அவவக் கேளுங்கோ."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

ஜெ. சொன்னது: இந்தக் கடிதத்தை எடுப்போம். வேறு ஒன்று போடுவோம், ஹாஜியார் கிணறு பற்றி அல்ல, குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு. ஆனால் அனுப்ப முன்னம் அதை ஹாஜியாருக்குப் போய்ச் சொல்லிவிட்டு அனுப்புவோம். "அவருக்குப் பின்னால ஒண்டும் செய்றேல்ல."

ரஹ்மத்துதான் முதலில் கை உயர்த்தினாள்.

கை: 34.

உயர்த்தாதது நான். எதிராகவும் உயர்த்தவில்லை. செய்னம்பு கை உயர்ந்திருக்கும் நேரத்தில் என் கை உயராது, அது என் குற்றமல்ல. ஜெ. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒருவர் மௌனம்" என்று எழுதினாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. செய்னம்புக்கு "நான் சொன்னேனே" என்று சொல்ல இரண்டு இடம் கிடைத்தது. வியாழன் எங்கள் வீட்டில். இன்று சபையில். இரண்டிலும் சொல்லவில்லை. நான் என்றால் பள்ளி ஸ்பீக்கரை வாங்கிச் சொல்லியிருப்பேன். என்னை ஏன் ஒருவரும் எதற்கும் தலைவியாக்கவில்லை என்று சில நேரம் யோசித்தது உண்டு. அதுவாக இருக்கலாம்.

மெஷின் வேறு விஷயம்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

கடிதம் வாபஸ். ஜெ. காலையில் போய்க் கையெழுத்து வைத்து எடுத்துவிட்டாள். நேரே ஹாஜியார் வீட்டுக்குப் போய்ப் புதுக் கடிதத்தை வாசித்துக் காட்டினாளாம். "பொறுப்பா எழுதியிருக்கீங்க. என்ட கையெழுத்தும் வேணுமா?" என்று கேட்டாராம். இவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாஜியார் கையெழுத்து முதலாவது இடத்தில். எனக்கு இரண்டாவது இடம். பரவாயில்லை.

பின்னேரம் ஹாஜியார் கேட்டடிக்கு எல்லாரையும் வரச் சொன்னார். கையில் ஒரே ஒரு திறப்பு, பூட்டுச் சாவி.

"ஒரு ஆள்ட கையிலதான் குடுப்பன். கிணத்துல ஒரு பிழை வந்தா அந்த ஆளத்தான் கேப்பன். முப்பத்தஞ்சு பேர என்னால கேக்கேலா."

"செய்னம்பு ராத்தாட்டக் குடுங்க" என்று பின்னால் இரண்டு மூன்று குரல். செய்னம்பு முன்னால் வரவில்லை.

"முழங்கால் ஏலா எனக்கு. ஜெஸீமாட்டக் குடுங்கோ. ஒருக்காச் சுட்டுக்கொண்ட கை, இனிக் கவனமா இரிக்கும்."

ஹாஜியார் சிரித்தார். இத்தனை நாளில் முதல் தடவை. திறப்பை ஜெ. கையில் வைத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். கிணறு நன்றாக இறங்கியிருக்கிறது. மழை கண்டு எத்தனை மாதம். கயிறு இன்னும் இரண்டு பாகம் நீளம் வேண்டும். ஜெ. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "மழை வரும்வரைக்கும் வூட்டுக்கு ரெண்டு குடம். குடிக்கிறதுக்கு மட்டும். வியாழன் தொடங்கி," என்றாள்.

"கை உயர்த்த வேணாமா தலைவி?" ரஹ்மத்து.

"இதுக்கு வேணாம். எட்டிப் பாருங்கோ."

ரஹ்மத்து எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து தலையாட்டினாள்.

மிஸ்ஸின் தாளில் இவளை எந்தப் பெட்டியில் போடுவது? அடுத்த முறை வந்தால் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, புதன்

போயா, பௌர்ணமி லீவு. கந்தோர் பூட்டு. புதுக் கடிதம் நாளைக்குத்தான் போகும்.

இன்று கட்டுப்பாடு இல்லாத கடைசி நாள் என்று ஊரே அள்ளியது. நானும் நாலு குடம். ஜெ. பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் நல்ல தண்ணீரில் ஆக்கிய சோறு ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 18, வியாழன்

சுபஹுக்குப் பிறகு வரிசை. ஜெ. கேட்டடியில் திறப்போடு. நான் மூன்று குடம் கொண்டுபோனேன். இரண்டு வீட்டுக்கு. மூன்றாவது சின்னவளின் கொத்தமல்லிக்கு. இருமுகிற பிள்ளை, அதுவும் அவள் பெற்ற பிள்ளை. திறப்பு வைத்திருப்பவளின் உம்மா நான். ஒரு குடம் கூடினால் என்ன?

எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் இருபது பேர். கேட்டடிக்கு வந்ததும் எல்லாரும் என் மூன்றாவது குடத்தைப் பார்த்தார்கள். ரஹ்மத்து கூட.

"ரெண்டு, உம்மா."

"சின்னவளுக்குப் புள்ள."

"அந்த ரெண்டுலயும் சின்னவளுக்கும் இரிக்கி."

"உம்மாவுக்குமா?"

"உம்மாவுக்குத்தான் மொதல்ல."

குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். மூன்றாவது குடத்தை என் இடுப்பில் இருந்து எடுத்து வேலியோரம் வைத்தாள், மெதுவாக, முட்டை வைக்கிற மாதிரி. பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இரண்டை நிறைத்தேன். ரஹ்மத்து ஒன்றைத் தூக்கி உதவினாள், ஒரு பகிடியும் விடவில்லை. திரும்பி வரும்போது பார்த்தேன். வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேர் தங்கள் மூன்றாவது குடத்தைச் சத்தமில்லாமல் என் வெறுங்குடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஜெ. பகல் சோற்றுக்குக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். பசித்தது.